பத்தாம் தகடும் அப்பாவின் காதும்

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம், அப்பா சுகம், நம் வண்டியும் ஒருவழியாகச் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையை அப்படியே முடிந்துகொள்ளாமல், இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்வதை விட்டு இந்த அம்மா எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கும், யாராவது துணியோடு வாசலில் வந்து நிற்பார்கள், பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். இது பாதியில் நிற்கக் கூடாத சங்கதி. அதனால் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு, துணி வெட்டும் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போனால் காகிதத்துக்கு அடியில் கிடக்கும் பொத்தான்களைத் திட்டு, என்னைத் திட்டாதே.

முதலில் சின்னச் சின்ன சேதிகள். சித்திக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்துவிட்டது என்று அவள் வாயால் சொல்லமாட்டாள், சொன்னால் வீட்டில் வேலை செய்யச் சொல்லிவிடுவார்களாம். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் அண்ணன் ஒரு நாய் வளர்க்கிறார், அதற்கு நம் வீட்டுச் செருப்பு என்றால் உயிர், அதுவும் இடது கால் செருப்பு மட்டும். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றது, அந்தக் கோபத்தில் குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்திருக்கிறது. அப்புறம், நீ உன் எடை நூற்று இருபத்தைந்து என்று எழுதி அனுப்பியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அப்பா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "போகும்போது குச்சி மாதிரி போனாளே, என்னத்தைப் போட்டு இப்படி ஊத வச்சிருக்காங்க" என்று ஒரே புலம்பல். டிரைவர் அண்ணன் வந்து அது கிலோ இல்லை, அங்கே பவுண்டுக் கணக்கு, கிலோவுக்கு மாற்றினால் பாதிக்கும் குறைவுதான் வரும் என்று சொன்ன பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் "அப்ப பாதிதானா? ஐயோ, பிள்ளை காஞ்சு போயிட்டாளே" என்று அடுத்த புலம்பல். அவரைத் திருப்திப்படுத்த உன்னால் ஆகாது. ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள், இனிமேல் எண்ணை எழுதினால் பக்கத்திலேயே அது எந்த அளவு என்றும் எழுது. வெறும் எண்ணை நம்பி நான் என்ன பாடு பட்டேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் என் கால் தரையில் பாவாது என்பது உனக்குத் தெரியும். சீருடை மூட்டையை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும், பொத்தான் பெரிதாக இருக்கிறது, கை குட்டையாக இருக்கிறது என்று திருப்பித் தருவதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். இந்த வருஷம் பார்த்து வண்டி மக்கர் பண்ணியது. காலையில் கிக்கரை உதைத்து உதைத்து என் கால் வீங்கியதுதான் மிச்சம். கிளம்பினாலும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் மூட்டையோடு ஏறமாட்டேன் என்று நின்றுவிடும், நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன், எதிரில் வருபவர்கள் எல்லாம் என்னாச்சு என்று கேட்பார்கள், ஒவ்வொருவருக்கும் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். அவர் வந்து எஞ்சின் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டார். அவர் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்த காலத்தில் பெரிய எஞ்சின்களை வாசலில் நின்றபடியே கேட்டு எதில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பார்களே, அதே தோரணை. கேட்டுவிட்டு, "எஞ்சின் பட்டு மாதிரி இருக்கு. கொஞ்சம்கூட சத்தம் இல்ல. பெட்ரோல்தான் சரியில்ல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்ரோலை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. முனையில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். நீ போன பிறகு வந்தவர் அவர், கைராசிக்காரர், ஆனால் எதைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்க அக்கா" என்பார், அதனால் தெருவில் எல்லோரும் அவரை நாளைக்கு மெக்கானிக் என்றுதான் சொல்கிறோம், அவர் காதிலும் விழும், சிரித்துக்கொள்வார். அவர் கடையில் வண்டிகள் நடைபாதை வரைக்கும் நின்றன. என் வண்டியைக் கிளப்பச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அக்கா, எஞ்சின் இப்படி ஊமையா இருந்தா நல்லதில்ல. டேப்பட் இறுகிப் போச்சு. வால்வு சரியா மூடல, அதான் இழுவை இல்ல. கேஜ் வச்சு அளந்து செட் பண்ணணும்" என்றார். எப்போது என்று கேட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும். நானும் அந்த நாளைக்கு வருமா வருமா என்று பார்த்தேன், வரவில்லை. கடைசியில் ஒரு நாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மெஷினில் ஊசி ஒடிந்தால் மாற்றுகிறேன், துணியை நகர்த்தும் அடிப்பல் தேய்ந்தால் கழற்றி மாட்டுகிறேன், இத்தனை வருஷம் இரும்போடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது மட்டும் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

வண்டி வாங்கும்போது கொடுத்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். டிரைவர் அண்ணன் போனில் ஒரு வீடியோ காட்டினார், யாரோ ஒரு பெண்பிள்ளை நம் வண்டி மாதிரியே ஒன்றைக் கழற்றிச் செய்கிறாள், அவள் பேசியது எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, கை செய்தது எல்லாம் புரிந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். சங்கதி இவ்வளவுதான். எஞ்சின் தலையில் இரண்டு வால்வு, ஒன்று காற்றும் பெட்ரோலும் உள்ளே போக, இன்னொன்று புகை வெளியே போக. ஒவ்வொன்றையும் மேலிருந்து ஒரு குட்டிக் கை அமுக்கும். அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து இருக்க வேண்டும். சந்து அடைத்துக்கொண்டால் வால்வு முழுசாக மூடாது, வண்டிக்கு மூச்சு பிடிக்காது. சந்து அதிகமானால் டக்டக்டக் என்று அடிக்கும். சட்டைக்குக் கழுத்து வைப்பது போலத்தான், பிடித்தாலும் ஆகாது, தொளதொளத்தாலும் ஆகாது. அந்தச் சந்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது, இரண்டு வால்வுக்கும் 0.10 மில்லிமீட்டர். அதை அளக்கும் கேஜ் அப்பாவிடமே இருந்தது. அவர் ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்த கருவிப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா, அதற்குள் மெல்லிய எஃகுத் தகடுகள் விசிறி மாதிரி ஒன்றாகக் கோத்து இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு எண். அப்பா அதை ஒரு நாளும் பிரித்ததில்லை. காது இருக்கும்போது கேஜ் எதற்கு என்பது அவர் கட்சி.

எஞ்சின் நன்றாக ஆறி இருக்க வேண்டும் என்று போட்டிருந்ததால் காலையில் எழுந்ததும் பின்கட்டில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தேன். அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, "பிரிக்கிறது சுலபம், சேக்கும்போது மிச்சம் நாலு திருகு கையில இருக்கும்" என்று கேலி பண்ணினார். நான் காதில் வாங்கவில்லை. பிளக்கைக் கழற்றினேன், வால்வு மூடி இரண்டையும் கழற்றினேன், பக்கத்து மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சக்கரத்தை மெல்லத் திருப்பிக் குறியும் குறியும் நேராக வரும்படி வைத்தேன். பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும், அதில் ஒரு தடவைதான் வால்வு இரண்டும் மூடியிருக்கும், அப்போதுதான் சந்தை அளக்க முடியும், நான் முதலில் தப்பான தடவையில் வைத்துக்கொண்டு எதுவுமே அசையவில்லையே என்று முழித்தேன், அப்புறம் இன்னொரு சுற்றுச் சுற்றியதும் சரியானது. அடுத்து, சந்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்த வேண்டும். அப்பாவின் பெட்டியில் இருந்த ஸ்பானர் எல்லாம் பம்ப் ஹவுஸின் பழைய மெஷின்களுக்கு வாங்கியது, எல்லாம் இஞ்சுக் கணக்கு. நட்டோ மில்லிமீட்டர். எட்டில் மூன்று இஞ்சு ஸ்பானர் போட்டதும் உட்கார்ந்தது, ஆனால் மாமனார் சட்டையை மாப்பிள்ளை போட்டுக்கொண்டதுபோல லேசாக ஆடியது. "அது போதும், அழுத்திப் பிடிச்சுத் திருப்பு" என்றார் அப்பா. அழுத்தித் திருப்பினேன், சர்ரென்று வழுக்கி என் விரல் முட்டியெல்லாம் எஞ்சினில் சிராய்த்துக்கொண்டது. நட்டின் ஒரு மூலையும் மழுங்கிப் போனது. எழுந்து போய் டிரைவர் அண்ணனிடம் ஒன்பது மில்லிமீட்டர் ஸ்பானர் வாங்கி வந்தேன். அது கச்சிதமாக உட்கார்ந்தது, நட்டு மறுபேச்சு பேசாமல் திரும்பியது.

பிறகு கேஜைப் பிரித்தேன். புத்தகத்தில் 0.10, தகட்டில் 10 என்று ஒன்று. வேறு என்ன வேண்டும்? அதை எடுத்துச் சந்துக்குள் விட்டு, திருகைத் தளர்த்தித் தளர்த்தி, தகடு லேசாகப் பிடிமானத்தோடு வரும்வரை வைத்தேன். அந்தப் பிடிமானம் எனக்குப் புதிதில்லை, மெஷினில் துணியை அமுக்கும் காலுக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவும்போது வருமே, அதேதான். நட்டை இறுக்கினேன், இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றியது, மறுபடி தளர்த்தி, திருகை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபடி இறுக்கினேன். எல்லாவற்றையும் மூடினேன், ஒரு திருகுகூட மிச்சமில்லை, அதை அப்பாவிடம் கையை விரித்துக் காட்டினேன். பெருமையோடு கிக்கரை உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது. கிளம்பி ஒரு சத்தம் போட்டது பார், தகரத்தில் ஆணிகளைக் கொட்டியது போல டகடகடகடக என்று. டிரைவர் அண்ணனின் நாய் ஒரே ஓட்டமாகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. அண்ணன் சவர நுரையோடு மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீட்டுக்குள்ள பட்டறை வச்சுட்டீங்களா" என்று கத்தினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரி, இன்றைக்கு முழுக்க இவர் கேலிதான் என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து, எஞ்சின் பக்கத்தில் குனிந்து, கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லா வச்சிருக்க. பட்டு மாதிரி இருக்கு, கொஞ்சம்கூட சத்தம் இல்ல" என்றார்.

குட்டி, அவர் கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், கிண்டல் இல்லை. மனசாரப் பாராட்டுகிற முகம். வண்டியை நிறுத்தினேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். நான் பின்னால் நின்றபடி, குரலை உயர்த்தாமல், "என்னங்க, கண்ணாடியை மறந்துட்டீங்க" என்றேன். போய்க்கொண்டே இருந்தார். கண்ணாடி படியில்தான் கிடந்தது. அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்குப் புரிய ஆரம்பித்தது, அழைப்பு மணி அடித்தால் இவர் எழுந்திருக்காதது, டிவியை அவ்வளவு உரக்க வைப்பது, நான் ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வது. அத்தனையும் வயசாக ஆக மனுஷனுக்கு வரும் அலட்சியம் என்று நான் நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டு இருந்தேன். அத்தனை வருஷம் பம்ப் எஞ்சின்களுக்கு நடுவே நின்ற காது.

அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, காதுதான் தன் சொத்து என்று இருந்தவரிடம். வண்டியை மட்டும் மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன், ஓட்டிக்கொண்டு போக மானம் இடம் கொடுக்கவில்லை. கடை வாசலில் கிளப்பிக் காட்டியதும் அவர், "அக்கா, இது வண்டியா தையல் மெஷினா" என்று சிரித்தார். நான் கேஜைக் கொடுத்தேன். பத்தாம் தகட்டை வளைத்துப் பார்த்து, "இது ரொம்ப தடிமன். இது இஞ்சு செட்டு அக்கா. இஞ்சை ஆயிரம் பாகமாப் போட்டு அதுல பத்து. உங்களுக்கு வேணுங்கறது மில்லிமீட்டர்" என்றார். அப்படியானால் இதில் எந்தத் தகடு என்றேன். கணக்குப் பண்ணிச் சொல்கிறேன், நாளைக்கு வாங்க என்றார். நான் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தேன். இத்தனை வருஷமாக என் கழுத்தில் தொங்குகிறதே இந்த டேப்பு, ஒரு பக்கம் இஞ்சு, மறு பக்கம் சென்டிமீட்டர், அந்த மறு பக்கத்தை நான் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை. திருப்பிப் பார்த்தேன். நூறு மில்லிமீட்டர் இருக்கிற இடத்தில் இந்தப் பக்கம் நாலு இஞ்சு, ஒரு மயிரிழைதான் குறைச்சல். பெரிய அளவில் நூறுக்கு நாலு என்றால், இரண்டையும் ஆயிரம் மடங்கு சுருக்கினால் என்ன, 0.10 மில்லிமீட்டருக்கு இஞ்சில் ஆயிரத்தில் நாலு. நான் போட வேண்டியது நாலாம் தகடு, போட்டது பத்தாம் தகடு. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. இடுப்பு அளவை இரண்டரை மடங்கு வைத்துத் தைத்தால் பாவாடை நிற்குமா?

மறுநாள் காலையில் மறுபடி போர்வையை விரித்தேன். அப்பா வந்து, "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மறுபடி பிரிக்கிற" என்றார். இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. அவருக்கு நேரே திரும்பி உட்கார்ந்து, "நல்லா இல்லைங்க. நேத்து வண்டி போட்ட சத்தத்துல நாய் ஓடிப் போய்க் கட்டிலுக்கடியில ஒளிஞ்சுது. தெருவே காதைப் பொத்துச்சு. உங்களுக்குக் கேக்கலை" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "எனக்கா கேக்கல? யாருகிட்ட பேசற நீ" என்றார். டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் கையை நிறுத்தவில்லை. மூடிகளைக் கழற்றி, குறியைச் சேர்த்து, நட்டைத் தளர்த்தினேன். திருகைப் பிடிக்க ஒரு கை, நட்டை இறுக்க ஒரு கை, தகட்டை அசைத்துப் பார்க்க இன்னொரு கை வேண்டும், எனக்கோ இருப்பது இரண்டு. தகடு இரண்டு தடவை நழுவித் தரையில் விழுந்தது. மூன்றாவது தடவை அதை எடுக்க நீண்டது என் கை இல்லை. அப்பா எப்போது வந்து உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. தகட்டைத் துடைத்துச் சந்துக்குள் விட்டு, "நீ திருகு. நான் பிடி எப்படி இருக்குன்னு சொல்றேன்" என்றார்.

அவர் விரல் இருக்கிறதே, அது ஒரு அதிசயம். தகட்டை இரண்டு விரலால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு, கொஞ்சம் லூசு, இன்னும் கொஞ்சம், போதும், இறுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் நட்டை இறுக்கியதும் ஒரு பொட்டு மாறியதைக்கூடச் சொன்னார். இரண்டாவது வால்வுக்குப் போகும்போது, தலையைத் தூக்காமல், "காது போயிடுச்சுன்னு எனக்குத் தெரியும். எப்பப் போச்சுன்னுதான் தெரியல" என்றார். நான் சும்மா திருகிக்கொண்டு இருந்தேன். அப்புறம் அவரே சொன்னார். அதைத்தான் குட்டி, உனக்கு அப்படியே எழுத வேண்டும் என்று இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். நீ முன்பு வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள் என்று அழுதுகொண்டே போன் பண்ணினாயே, நான் கடைக்குப் போயிருந்தேன், அப்பா எடுத்தார். நீ சொன்னதற்கு அவர் "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். நீ போனை வைத்துவிட்டாய். நான் இங்க வந்ததே அப்பாவுக்குப் பிடிக்கல, வேலை போனதும் சந்தோஷப்படறார் என்று அப்புறம் என்னிடம் அழுதாய், நானும் இவரிடம் கோபப்பட்டேன், இவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அன்றைக்கு அவருக்குக் கேட்டது வேலை என்ற ஒரு சொல் மட்டும்தானாம். உனக்குப் புது வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாராம். "பிள்ளை அழுததுகூட எனக்குக் கேக்கல. கொர்ருனு ஒரு இரைச்சல், அவ்வளவுதான். அதுக்கப்புறம் போனை எடுக்கவே பயம். மறுபடி ஏதாவது தப்பா சொல்லி வச்சேன்னா?" என்றார். அதனால்தான் நீ கூப்பிட்டால் நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு, உன் பதிலுக்குக்கூட நிற்காமல், இந்தா அம்மாகிட்ட பேசு என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போவார். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. நீ அங்கே போனது பிடிக்காமலும் இல்லை. அழுதுவிடாதே, நான் அழுதாகிவிட்டது, நம் வீட்டுக்கு அது போதும்.

வண்டியை மூடிக் கிளப்பினோம். இந்த முறை மெல்லிய டிக்டிக், பக்கத்து அறைக் கடிகாரம் போல, அவ்வளவுதான். நாய் அசையவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினேன் பார், கியரைக் குறைக்காமல் ஏறினேன், எதிரில் வந்தவர்கள் நின்று விசாரிக்க நேரம் இல்லாமல் போய்விட்டது.

காது டாக்டரிடம் அழைத்துப் போவதற்கு நான் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன், இல்லை, சட்டையை மாட்டிக்கொண்டு முதலில் வாசலுக்கு வந்தவர் அவர்தான். அங்கே கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொன்னார்கள். உன் அப்பா அந்தப் பெண் பொத்தானை அமுக்கும்போது அவள் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்துச் சரியாகக் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தார். பத்துக்குப் பத்து. நான்தான் கண்ணாடியைத் தட்டிக் காட்டிக் கொடுத்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவர் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள், அதன் பிறகு கை மடியை விட்டுக் கிளம்பவில்லை. இப்போது இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறார், பூண்டுப் பல் அளவுதான். முதல் நாள் வீட்டுக்குள் ஒரு குழந்தை புகுந்தது மாதிரி இருந்தது. தன் செருப்பு இப்படியா சத்தம் போடும் என்று கேட்டார். காகிதத்தைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். நான் தைக்கும்போது முணுமுணுவென்று பாடுவேன் என்பதே மறந்து போயிருந்ததாம், நின்று கேட்டுவிட்டு, "நிறுத்தாத, ஆனா ராகத்தைக் கொஞ்சம் மாத்து" என்றார். வண்டியைக் கிளப்பியதும் பதறிப்போய், "டேப்பட் சத்தம் கேக்குதே, சரியா வைக்கல நீ" என்று ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அது இருக்க வேண்டிய சத்தம், நாலாம் தகட்டுச் சத்தம், தொட்டால் கையை உடைப்பேன் என்று சொல்லி ஸ்பானரைப் பிடுங்கி வைத்தேன். அந்த இஞ்சுப் பெட்டிக்கு இப்போது நான்தான் காவல். வண்டிக்கென்று மில்லிமீட்டர் ஸ்பானர் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, ஒன்றோடு ஒன்று கலக்காமல் இருக்க மூடியில் சிவப்புத் துணி ஒட்டியிருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ எனக்கு அனுப்பியிருந்த குரல் செய்தியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். அதில் ஒன்றுமே இல்லை, உன் கோட்டு ஜிப் அறுந்துவிட்டது, குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டேன், மழையில் நனைந்துகொண்டே வந்தேன் என்று சொல்லியிருந்தாய். அவர் போனைக் காதோரம் வைத்துக்கொண்டு, இது யாரு என்று கேட்டார். உங்க பொண்ணுதான் என்றேன். "குரல் இவ்வளவு மாறிடுச்சா? பெரிய மனுஷி மாதிரி பேசறாளே" என்றார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி, மறுபடி. ஜிப்பை முழுசாக மாற்றச் சொல், பல்லை மட்டும் நசுக்கி ஓட்டினால் நிற்காது என்றார். அதைச் சொல்வதற்குத் தையற்காரி நான் இருக்கிறேன், ஆனாலும் அவர் சொன்னதாகவே எழுதிவிட்டேன். பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வண்டி மேல் சாய்ந்து நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவர்தான் எடுப்பார். கத்திப் பேசாதே, கத்தினால் மெஷின் கீச்சிடுகிறது. நிதானமாக, வார்த்தையை விழுங்காமல் பேசு. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காவிட்டால் மறுபடி சொல், அவர் இனிமேல் என்ன என்று திருப்பிக் கேட்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். போனை என்னிடம் தள்ளினாலும் நான் வாங்கமாட்டேன். இன்னொன்று, அந்த வேலை போன கதையை, அது முடிந்த கதை, அதைவிட நல்ல வேலை உனக்குக் கிடைத்தும் விட்டது, இருந்தாலும் அதை அவரிடம் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லு. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அப்பா இத்தனை நாளாகக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ எங்கே இருந்தாலும் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டே இருக்கிறோம். புதுக் குடை வாங்கிவிடு.

கழுவியும் நகக்கண்ணில் எஞ்சின் ஆயில் போகாத கையால்,
உன் அம்மா